சன்னது யார் கையில்? சித்தூர், திருப்பதி நீதிமன்றங்களும் வழக்கறிஞர் ஒழுங்கு அதிகாரத்தின் வரலாறும்

இந்திய வழக்கறிஞர்களின் ஒழுங்குமுறையை இன்றளவும் ஆளும் வழக்கறிஞர்கள் சட்டம் 1961ஆம் ஆண்டு நிறைவேறியது. அப்போது மக்களவையின் சபாநாயகராக இருந்தவர் சித்தூர் நீதிமன்றங்களில் பல்லாண்டு வழக்காடியவர். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891இல் பிறந்த மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார் 1915இல் சித்தூரில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். முதல் மக்களவையில் திருப்பதித் தொகுதியின் உறுப்பினராகவும், இரண்டாம் மக்களவையில் சித்தூர்த் தொகுதியின் உறுப்பினராகவும் இருந்தார். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில், தவறு செய்த வக்கீலைத் தொழிலிலிருந்து விலக்கும் அதிகாரம் முழுவதும் நீதிபதிகளிடம் இருந்தது. 1961இல் அது வழக்கறிஞர்கள் தாமே தேர்ந்தெடுத்த பார் கவுன்சிலிடம் சென்றது.

சட்ட வரலாற்று நூல்கள் இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் விடுதலையின் கதையாகவே சொல்கின்றன. நீதிபதியின் தயவில் இருந்த தொழில் தன்னாட்சி பெற்றது என்பது அதன் சாரம். அது பிழையில்லை. ஆனால் சித்தூர், திருப்பதி போன்ற மாவட்ட நகரங்களிலிருந்து பார்த்தால் அதே வரலாறு வேறொரு செய்தியையும் சொல்கிறது. வழக்கறிஞருக்குச் சுதந்திரம் கிடைத்த ஒவ்வொரு கட்டத்திலும் விசாரணை நடக்கும் இடம் கட்சிக்காரரின் ஊரைவிட்டு விலகிப் போயிற்று. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இன்றைய சிக்கல் புலப்படும்.

கம்பெனிக் காலத்து வக்கீல்

சித்தூருக்கு நீதிமன்ற நகரம் என்ற தகுதி மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் நான்கு மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றங்களை அமைத்தது. வடக்குப் பிரிவுக்கு மசூலிப்பட்டினமும், தெற்குப் பிரிவுக்குத் திருச்சிராப்பள்ளியும், மேற்குப் பிரிவுக்குத் தலைச்சேரியும் இருப்பிடங்களாயின. மத்தியப் பிரிவின் நீதிமன்றம் சித்தூரில் அமர்ந்தது. 1843இல் இம்மாகாண நீதிமன்றங்கள் கலைக்கப்படும்வரை, சென்னையிலிருந்த சதர் அதாலத்துக்கு அடுத்த நிலையில் இருந்த நீதிபீடங்களுள் ஒன்று சித்தூரில் இயங்கியது. அதன் பின்னரும் வடஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராக 1911வரை சித்தூரே இருந்தது.

இந்நீதிமன்றங்களில் வழக்காடிய வக்கீல் இன்றைய பொருளில் சுதந்திரத் தொழிலர் அல்லர். வங்காளத்தில் 1793இல் வகுத்த ஏற்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டின் 10ஆம் ஒழுங்குவிதி வக்கீல்களை நியமிக்கும் முறையை வகுத்தது. பின்னர் 1816ஆம் ஆண்டின் 14ஆம் ஒழுங்குவிதி அதைத் திருத்தி அமைத்தது. வக்கீல் ஒரு குறிப்பிட்ட நீதிமன்றத்தோடு இணைக்கப்பட்டவர். சன்னது பெற்று, உறுதிமொழி எடுத்து, விதிக்கப்பட்ட கட்டண அளவுக்குள் தொழில் செய்தவர். சன்னதைத் தந்த அமைப்பே அதைப் பறிக்கவும் வல்லதாயிருந்தது. வக்கீல்களுக்கென்று தனிச் சங்கமோ, தம்மவரைத் தாமே விசாரிக்கும் உரிமையோ அன்று எண்ணிப் பார்க்கப்படவில்லை.

1862இல் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியபோது சதர் அதாலத் அதனுள் அடங்கியது. வக்கீல், அட்வகேட், அட்டர்னி ஆகியோரைச் சேர்க்கவும், தக்க காரணம் இருந்தால் இடைநீக்கவும் நீக்கவும் உயர்நீதிமன்றத்துக்கு அதன் அரச சாசனமே அதிகாரம் அளித்தது. தக்க காரணம் எது என்பதைச் சாசனம் வரையறுக்கவில்லை. நீதிபதிகளின் தீர்ப்புகளே அதற்குப் பொருள் தந்தன.

1879ஆம் ஆண்டுச் சட்டம்: உள்ளூரில் நடந்த விசாரணை

மாவட்ட நீதிமன்றங்களைப் பொறுத்தவரை முதன்மையான சட்டம் 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம். தொடக்கத்தில் வட இந்தியப் பகுதிகளை நோக்கி எழுதப்பட்ட இச்சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. முதல் நிலைப் பிளீடர்கள், இரண்டாம் நிலைப் பிளீடர்கள் எனப் பிரிந்திருந்த மாவட்ட வக்கீல்கள் இதன் ஆளுகைக்குள் வந்தார்கள்.

இச்சட்டத்தின் மூன்று பிரிவுகள் ஒழுங்கு அதிகாரத்தின் எலும்புக்கூடு எனலாம். 12ஆம் பிரிவு, குணக்கேட்டைக் காட்டும் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற பிளீடரை இடைநீக்கவோ நீக்கவோ உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. 13ஆம் பிரிவு தொழில்முறைத் தவறுகளைப் பட்டியலிட்டது. கட்சிக்காரரிடமோ அவருடைய உரிய பிரதிநிதியிடமோ அன்றி வேறொருவரிடம் வழக்குக் குறிப்பு வாங்குதல், வழக்குப் பிடித்துத் தருபவருக்குத் தரகு கொடுத்தல், தொழிலில் மோசடியாகவோ மிக முறைகேடாகவோ நடத்தல் ஆகியவை அதில் அடங்கின. வேறு எந்தத் தக்க காரணமும் என்ற பரந்த சொற்றொடர் அப்பட்டியலின் கடைசியில் இருந்தது.

14ஆம் பிரிவு நடைமுறையைச் சொன்னது. கீழ்நிலை நீதிமன்றம் ஒன்றில் தொழில் செய்யும் பிளீடர்மீது அந்நீதிமன்றத்திலேயே குற்றச்சாட்டு எழுந்தால், அதன் தலைமை அலுவலர் குற்றச்சாட்டின் நகலையும் விசாரணை நாளைக் குறிக்கும் அறிவிப்பையும் அவருக்கு அனுப்ப வேண்டும். அறிவிப்புக்கும் விசாரணை நாளுக்கும் இடையே குறைந்தது 15 நாள் இருக்க வேண்டும். சாட்சியம் பதிவு செய்து, குற்றம் மெய்ப்பட்டது என்று கண்டால் காரணங்களுடன் உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். முன்சீப்பின் அறிக்கை மாவட்ட நீதிபதி வழியாகச் செல்லும். இறுதி ஆணை உயர்நீதிமன்றத்துடையது. அது வரும்வரை பிளீடரைத் தற்காலிகமாக இடைநீக்கி வைக்கவும் மாவட்ட நீதிபதியால் இயலும்.

ஆகவே திருப்பதி முன்சீப் நீதிமன்றத்தில் ஒரு பிளீடர் கட்சிக்காரரின் பணத்தைக் கையாடினார் என்ற புகார் எழுந்தால், அதன் விசாரணை திருப்பதியிலேயே நடக்கும். சாட்சிகள் உள்ளூர்க்காரர்கள். வழக்குக் கட்டு அதே கட்டடத்தில் இருக்கும். வழக்கு உண்மையில் பதிவானதா, நீதிமன்றக் கட்டணம் செலுத்தப்பட்டதா, டிக்ரித் தொகை எடுக்கப்பட்டதா என்பதை அலுவலகப் பதிவேடுகளைப் புரட்டி அன்றே அறியலாம். புகார் தரும் குடியானவர் ரயில் ஏற வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டின் வலிமை இதுவே.

அருகிலிருந்த அதிகாரத்தின் ஆபத்து

அதன் ஊனமும் அங்கேயே இருந்தது. எந்த நீதிபதியின் முன் அன்றாடம் வாதாட வேண்டுமோ, எவருடைய முறையற்ற போக்கைத் தேவைப்பட்டால் எதிர்க்க வேண்டுமோ, அவரே வக்கீலின் தொழில் வாழ்வை நிறுத்தி வைக்க வல்லவராயிருந்தார். அந்த நீதிபதி அந்நிய அரசின் ஊழியரும் ஆவார். தேசிய இயக்கக் காலத்தில் இது வெளிப்படையாயிற்று.

1919இல் ரௌலட் சட்டத்துக்கு எதிரான சத்தியாகிரக உறுதிமொழியில் அகமதாபாத் வக்கீல்கள் சிலர் கையொப்பமிட்டனர். மாவட்ட நீதிபதி கென்னடி இதைத் தொழில் ஒழுங்குக்கு மாறானதாகக் கருதி பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். உயர்நீதிமன்றம் அவ்வக்கீல்களை விளக்கம் கேட்டு, எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. அக்கடிதத்தைத் தம் ‘யங் இந்தியா’ இதழில் வெளியிட்டதற்காகக் காந்தியடிகள் நீதிமன்ற அவமதிப்பு வழக்கைச் சந்தித்து, 1920 மார்ச்சில் கண்டனம் பெற்றார். 1922இல் அவர் அரசத் துரோகக் குற்றத்துக்குச் சிறை சென்றபின், அதே ஆண்டு நவம்பரில் இலண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரைப் பாரிஸ்டர் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது 1988இல்.

தமிழ் வாசகர் நன்கறிந்த எடுத்துக்காட்டு வ.உ. சிதம்பரம் பிள்ளை. ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் தொழில் செய்த இரண்டாம் நிலைப் பிளீடர் அவர். 1908 ஜூலையில் திருநெல்வேலி நீதிபதி பின்ஹே விதித்த தண்டனையின் விளைவாக அவருடைய சன்னதும் பறிபோயிற்று. 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பல் கம்பெனியும் இல்லை, தொழிலும் இல்லை. சென்னையில் சிறு கடை நடத்தியும், கோயம்புத்தூரில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தும் காலம் தள்ளினார். பின்னர் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்து, கோவில்பட்டியில் வழக்காடினார். அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

இந்நிகழ்ச்சியை வ.உ.சி.யின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஒழுங்கு அதிகாரத்தின் வரலாற்றில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. சட்டம் கேட்டது குணக்கேடு. வ.உ.சி. செய்தது கட்சிக்காரரை ஏமாற்றிய செயல் எதுவும் இல்லை. அரசை எதிர்த்துப் பேசியது. அவருடைய பிழைப்பைப் பறித்ததும் திருப்பித் தந்ததும் நீதிபதிகளின் மனப்போக்கே. ஒரு தொழிலரின் வாழ்வு ஓர் அதிகாரியின் நற்குணத்தை நம்பி நின்றது என்றால் அந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு இல்லை என்று பொருள்.

அன்றைய சித்தூர் வக்கீல்களும் இதே உயர்நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்களே. ஒத்துழையாமை இயக்கத்தின்போது நீதிமன்றங்களைப் புறக்கணிக்கக் காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்று, அனந்தசயனம் அய்யங்கார் 1921-22இல் ஓராண்டு தொழிலை நிறுத்தி வைத்தார். பின்னர் தனிநபர் சத்தியாகிரகத்திலும் 1942 இயக்கத்திலும் சிறை சென்றார். சுதந்திர இந்தியாவின் சட்டமன்றங்களை நிரப்பிய தலைமுறைக்கு வக்கீல் ஒழுங்கு அதிகாரம் ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. அது தங்கள் தலைக்குமேல் தொங்கியதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1926: பாதி வழி

அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முதல் முயற்சி 1926ஆம் ஆண்டின் இந்திய பார் கவுன்சில்கள் சட்டம். 1923இல் சர் எட்வர்ட் சாமியர் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையை ஒட்டி இது வந்தது. உயர்நீதிமன்றந்தோறும் பார் கவுன்சில் தோன்றியது. ஆனால் தண்டிக்கும் அதிகாரத்தை உயர்நீதிமன்றம் தன்னிடமே வைத்துக்கொண்டது. பார் கவுன்சில் உறுப்பினர்களைக் கொண்ட தீர்ப்பாயத்தைத் தலைமை நீதிபதி அமைப்பார். அத்தீர்ப்பாயம் விசாரித்துக் கண்ட முடிவை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பும். கண்டிப்பதா, இடைநீக்குவதா, நீக்குவதா என்பதை உயர்நீதிமன்றம் முடிவு செய்யும்.

இச்சட்டத்தின் 10ஆம் பிரிவில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு மாற்றுவழி உண்டு. புகாரைப் பார் கவுன்சிலுக்கு அனுப்பலாம்; அல்லது பார் கவுன்சிலைக் கலந்தபின் மாவட்ட நீதிமன்றத்தின் விசாரணைக்கு அனுப்பலாம். சென்னையிலிருந்து விலகியிருந்த மாவட்டங்களில் சாட்சிகள் உள்ளூரில் இருப்பார்கள் என்பதை 1926ஆம் ஆண்டுச் சட்டம் மறக்கவில்லை. உயர்நீதிமன்ற அட்வகேட்டுகளுக்கே இச்சட்டம் பொருந்தியதால், மாவட்டப் பிளீடர்கள் தொடர்ந்து 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே இருந்தனர். ஒரே நீதிமன்ற வளாகத்தில் கறுப்பு அங்கி அணிந்து நின்ற இருவர், இரண்டு வெவ்வேறு ஒழுங்குமுறைகளுக்குக் கட்டுப்பட்டிருந்தனர்.

எல்லைகள் நகர்ந்தபோது

இதற்கிடையில் சித்தூரின் அரசியல் முகவரி பலமுறை மாறியது. வடஆர்க்காடு, கடப்பை ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, ம.பொ. சிவஞானம் தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தையும் மீறிச் சித்தூர் மாவட்டம் ஆந்திரத்துடன் சேர்ந்தது. 1954 ஜூலையில் ஆந்திர உயர்நீதிமன்றம் குண்டூரில் தொடங்கியது. 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் உருவானதும் அது ஹைதராபாத்துக்குச் சென்றது. 1960 ஏப்ரல் 1இல் படாஸ்கர் பரிந்துரைப்படி திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2019 ஜனவரி 1 முதல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் அமராவதியில் இயங்குகிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

எல்லைக் கோடு நகரும்போது ஆட்சிமொழியும் வருவாய் நிருவாகமும் மட்டும் மாறுவதில்லை. வழக்கறிஞரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும், அவர்மீது புகாரை எங்கே கொடுக்க வேண்டும் என்பதும் மாறுகிறது. சென்னை ஆண்ட காலத்தில் சித்தூர்க்காரருக்கு உயர்நீதிமன்றம் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் இருந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் மாவட்டம் இது. ஹைதராபாத் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்குத் தொலைவு. அமராவதிக்கும் 400 கி.மீ. அளவில் பயணம் செய்ய வேண்டும்.

1961: தன்னாட்சி

சுதந்திரத்துக்குப்பின் நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையில் அமைந்த அகில இந்திய வழக்கறிஞர் குழு 1953இல் அறிக்கை தந்தது. அதன் வழியே உருவான வழக்கறிஞர்கள் சட்டம் 1961 மே 19இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. வக்கீல், பிளீடர், முக்தியார் என்ற படிநிலைகளுக்கு மாற்றாக ‘அட்வகேட்’ என்ற ஒரே வகுப்பு எழுந்தது. 35ஆம் பிரிவின்படி, தொழில்முறை ஒழுங்கீனமோ பிற ஒழுங்கீனமோ புரிந்ததாகப் புகார் வந்தால் மாநிலப் பார் கவுன்சில் அதை ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூவர்: இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் அனுபவமுள்ள வழக்கறிஞர். புகாரைத் தள்ளுபடி செய்யலாம், வழக்கறிஞரைக் கண்டிக்கலாம், குறித்த காலத்துக்கு இடைநீக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். குழுவின் ஆணையை எதிர்த்து 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலிடமும், அடுத்து 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்திடமும் முறையிடலாம்.

உயர்நீதிமன்றம் இந்த ஏணியில் இல்லை. மாவட்ட நீதிமன்றமும் இல்லை. 1879இல் முன்சீப்பிடமும், 1926இல் மாவட்ட நீதிபதியிடமும் இருந்த உள்ளூர் விசாரணை 1961இல் மறைந்தது. ஒழுங்குக் குழு மாவட்டத்துக்கு வந்து விசாரிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை; ஆனால் அதற்கென நிலையான ஏற்பாடு எதையும் செய்யவுமில்லை. நீதிபதியின் பிடியிலிருந்து தொழிலை மீட்கும் அவசரத்தில் இந்த இழப்பு பேசப்படாமல் போயிற்று.

இப்புதிய முறை எவ்வாறு இயங்கியது என்பதை இரண்டு தீர்ப்புகள் காட்டும்.

முதலாவது, சட்ட மாணவர் அனைவரும் படிக்கும் 1978ஆம் ஆண்டின் ரங்கதுரை வழக்கு. கடன்பத்திரங்களின்மேல் வழக்குத் தொடர்வதற்காகப் பணம் பெற்ற சென்னை வழக்கறிஞர், வழக்கைத் தாக்கல் செய்யாமலே, செய்ததாகக் கட்சிக்காரர்களை நம்பவைத்தார். தமிழ்நாடு பார் கவுன்சில் ஆறாண்டு இடைநீக்கம் விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தண்டனை சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற கருத்தில், பாதிக்கப்பட்டவருக்குப் பணம் தரவும் ஏழைகளுக்கான சட்ட உதவிப் பணியில் ஊதியமின்றி உழைக்கவும் வழி செய்தார். நீதிபதி ஏ.பி. சென் இத்தளர்வுக்கு உடன்படவில்லை.

இரண்டாவது, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்ற, ஆந்திரப் பிரதேசப் பார் கவுன்சில் தொடுத்த குராபாடி சத்தியநாராயணா வழக்கு. டிக்ரி நிறைவேற்று நடவடிக்கையில் கட்சிக்காரருக்கு உரிய 14,600 ரூபாயைப் பெற்ற வழக்கறிஞர் அதை உரியவரிடம் சேர்க்கவில்லை. மாநிலக் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. இந்திய பார் கவுன்சிலோ, குடும்பச் சிக்கல்களால் நேர்ந்த கவனக்குறைவு இது, கையாடும் எண்ணம் இல்லை என்று கருதி அந்த ஆணையை நீக்கியது. மாநிலக் கவுன்சிலே உச்ச நீதிமன்றம் சென்று முறையிட, நீக்க ஆணை மீண்டும் நிலைபெற்றது.

வெறும் கவனக்குறைவு ஒழுங்கீனம் ஆகாது, மனக்கேடு கலந்த பெருங்கவனக்குறைவே ஒழுங்கீனம் என்ற வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1963இலேயே வகுத்திருந்தது. நேர்மையான தவற்றுக்காக ஒருவரின் தொழிலைப் பறிக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்தப் பாதுகாப்பு கையாடலுக்கும் போர்வையாகக் கூடும் என்பதை இரண்டாம் வழக்கு காட்டிற்று. இரண்டு வழக்குகளிலும் மாநிலக் கவுன்சில் கடுமையாகவும் மத்திய அமைப்பு மென்மையாகவும் நடந்தன என்பது குறிக்கத்தக்கது. நிகழ்விடத்துக்கு அருகில் இருந்த அமைப்பே கட்சிக்காரரின் இழப்பை முழுதாகக் கண்டது.

நீதிபதிகள் திரும்பி வர முயன்றபோது

இழந்த அதிகாரத்தை வேறு வழியில் மீட்கும் முயற்சிகளும் நடந்தன. 1994இல் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியிடம் தகாத முறையில் பேசியதாக இந்திய பார் கவுன்சிலின் அன்றைய தலைவர் வி.சி. மிஸ்ரா மீது அவமதிப்பு வழக்கு எழுந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு மூன்றாண்டுத் தொழில் இடைநீக்கமும் விதித்தது. 1998இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இடைநீக்கப் பகுதியை நீக்கி, அவமதிப்பு அதிகாரத்தின் வழியாகத் தொழில் உரிமத்தைப் பறிக்க இயலாது, அது பார் கவுன்சிலுக்கே உரியது என்று தெளிவாக்கியது.

2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தன் விதிகளைத் திருத்தி, நீதிபதியின் பெயரால் பணம் வாங்குதல், நீதிமன்ற அறைக்குள் ஊர்வலம் செல்லுதல் போன்றவற்றுக்காக வழக்கறிஞரை நேரடியாகத் தடுக்கும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. வழக்கறிஞர்கள் மாதக்கணக்கில் போராடினர். 2019 ஜனவரியில் முத்துகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. வ.உ.சி.யின் சன்னதைப் பறித்த வரலாற்றை நினைவில் கொண்டால் இத்தீர்ப்பின் தேவை விளங்கும். அதே வேளையில், பார் கவுன்சில் தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தால் அத்தகைய விதிகளுக்கு இடமே இருந்திராது என்ற எதிர்வாதமும் எளிதில் தள்ளக்கூடியதன்று.

சேஷாசலத்தின் அடிவாரத்தில்

இக்கேள்வி இன்று மிகக் கூர்மையாக எழும் இடங்களுள் திருப்பதியும் ஒன்று. சேஷாசலம் மலைக்காட்டில் 2013 டிசம்பரில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டபின், செம்மரம் வெட்டச் சென்றதாக நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் கைதாகிப் பல மாதங்கள் சிறையில் இருந்தனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2015 ஏப்ரல் 7இல் சந்திரகிரியை அடுத்த காட்டுப்பகுதியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜவ்வாதுமலை முதலிய மலைப்பகுதிகளிலிருந்து செல்லும் கூலிகள்மீது இன்றும் செம்மர வழக்குகள் பதிவாகின்றன.

இத்தகைய கட்சிக்காரரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கின் மொழி அவருக்குத் தெரியாது. வக்காலத்தில் கைநாட்டு வைக்கிறார். வழக்கறிஞரை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. யாரோ ஏற்பாடு செய்கிறார்கள். ஊரில் நகையை அடகு வைத்து மனைவி அனுப்பும் பணம் எந்தக் கையில் சேர்ந்தது என்பதை அவரால் சரிபார்க்க முடியாது. கட்சிக்காரரிடமிருந்தன்றி வழக்குக் குறிப்பு வாங்கக் கூடாது, தரகருக்குப் பணம் தரக் கூடாது என்று 1879இல் சட்டம் விதித்தபோது அதன் கண்முன் இருந்தது இத்தகைய எளிய மனிதரே. வெறுக்கப்படும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வழக்கறிஞர் உண்டு என்பதை, கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கத் தீர்மானம் ஒன்றையொட்டி எழுந்த முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் வலியுறுத்தியது. வழக்கறிஞர் கிடைப்பது முதற்படி. கிடைத்த வழக்கறிஞர் கடமை தவறினால் எங்கே செல்வது என்பது அடுத்த கேள்வி.

இப்போதைய சட்டத்தில் விடை: வழக்கறிஞர் பதிவாகியுள்ள ஆந்திரப் பிரதேசப் பார் கவுன்சிலிடம் புகார், பிறகு தில்லியில் மேல்முறையீடு, பிறகு தில்லியிலேயே உச்ச நீதிமன்றம். இதில் வென்றாலும் இழந்த பணத்தைத் திருப்பித் தர 35ஆம் பிரிவு வழி சொல்லவில்லை. ரங்கதுரை வழக்கில் கிருஷ்ணய்யர் செய்தது விதிவிலக்கு.

மாவட்ட அளவில் இன்னொரு கதவு சில காலம் பாதி திறந்திருந்தது. வழக்கறிஞர் சேவைக் குறைபாடு நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007இல் கூறியது. அவ்வாணையின் செயற்பாட்டை உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்தது. 2024 மே 14இல் டி.கே. காந்தி வழக்கில், வழக்கறிஞர் தொழில் தனித்தன்மை உடையது, அது நுகர்வோர் சட்டத்துக்கு உட்படாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் காரணங்களை ஏற்கலாம். ஆனால் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கும் நுகர்வோர் ஆணையத்தின் வழி மூடப்பட்டபோது, தொலைவிலிருக்கும் பார் கவுன்சிலின் பொறுப்பு இரட்டிப்பாயிற்று.

அந்தப் பொறுப்பு எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது? புகாரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றும், முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிச் செல்லும் என்றும் 36பி பிரிவு கூறுகிறது. விரைவுக்காக வகுத்த இவ்விதி, நடைமுறையில் மாநிலத்தில் தேங்கிய புகாரைத் தில்லிக்கு அனுப்பி அங்கே தேங்க வைக்கும் வழியாயிற்று. 2021 டிசம்பரில் கர்நாடகத்திலிருந்து வந்த அஞ்சினப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்நிலையைக் கண்டித்தது. ஓராண்டுக் கெடுவைக் கடைப்பிடிக்க வேண்டும். அனுபவமிக்க வழக்கறிஞர்களையோ ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர்களையோ விசாரணை அலுவலர்களாக அமர்த்தி அவர்கள் அறிக்கையைப் பெறலாம். மாறிவந்த புகார்களை முடிக்கச் சுற்று அமர்வுகள் நடத்தலாம் என்றது.

இந்தப் பரிந்துரையில் பழைய சட்டத்தின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. உள்ளூரில் சாட்சியம் பதிவு செய்பவர் ஒருவர், மேலிருந்து முடிவு செய்பவர் வேறொருவர் என்பதுதான் 1879ஆம் ஆண்டின் 14ஆம் பிரிவு. வேறுபாடு, அன்று அறிக்கை எழுதியவர் வக்கீலின் அன்றாட வாழ்வை ஆண்ட நீதிபதி. இன்று முன்மொழியப்படுபவர் ஓய்வுபெற்றவர் அல்லது தொழில் தோழர், பார் கவுன்சிலுக்கு மட்டுமே பதில் சொல்பவர். சுதந்திரத்தை இழக்காமலே அருகாமையை மீட்க முடியும் என்பதற்கு இது ஒரு வழி. சித்தூரிலும் திருப்பதியிலும் மாதம் ஒருநாள் அமரும் விசாரணை அலுவலர், தெலுங்கிலோ தமிழிலோ புகாரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஏற்பாடு, வழக்கு எண்ணை நீதிமன்றப் பதிவேட்டோடு உடனே ஒப்பிடும் வசதி ஆகியவற்றுக்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. பார் கவுன்சிலின் தீர்மானம் போதும்.

நீதிபதிகளின் பிடியிலிருந்து தொழிலை மீட்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டுத் தலைமுறை எண்ணியதற்கு வ.உ.சி.யின் சின்னஞ்சிறு கடையும், அகமதாபாத் வக்கீல்களுக்கு வந்த அறிவிப்பும் போதிய காரணங்கள். அத்தலைமுறை வழக்கறிஞரை அரசிடமிருந்து காத்தது. கட்சிக்காரரை வழக்கறிஞரிடமிருந்து காக்கும் பணியைத் தொழிலின் நேர்மையை நம்பி அத்தொழிலிடமே ஒப்படைத்தது. திருப்பதி நீதிமன்ற வாசலில் வக்காலத்தில் கைநாட்டு வைக்கும் மலைக்கூலி, அந்த நம்பிக்கையின் மறுமுனையில் நிற்கிறார்.